டிவி சத்தம் கூடினால்

எங்க இல்லத்துல வார்டனுங்க யாரும் பசங்களை அடிக்க மாட்டோம். அதுல எங்களுக்குப் பெருமை வேற. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவுல, கேஸ்ல மாட்டுன சின்னப் பசங்களை அடைச்சு வைக்கிற இடம். பேர் வேணாம். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சீனியர் வார்டன் தோள்ல கையைப் போட்டுச் சொன்னாரு: "கை வெச்சா நம்ம மேல கேஸ் ஆயிடும் மச்சான். எவன் மேல கோவமோ அவனை எல்லார் முன்னாடியும் திட்டிட்டு டிவி சத்தத்தைக் கூட்டு. மீதியைப் பெரிய பசங்க பார்த்துப்பானுங்க."

பார்த்துக்கிட்டானுங்க. பாத்ரூமுக்கு இழுத்துட்டுப் போய், துண்டுல சோப்பை முடிஞ்சு அடிப்பானுங்க. நாங்க ஆபீஸ் ரூம்ல டீ குடிப்போம். முதல் வாரம் டீயை அப்படியே வெச்சுட்டு எழுந்து வெளிய போயிடுவேன். ரெண்டாவது மாசம் உக்காந்து பிஸ்கட்டை டீயில தொட்டுத் தின்னேன். மானங்கெட்ட பொழப்பு.

அன்னைக்கு வியாழக்கிழமை, மத்தியானம், பேய் மழை. குறிஞ்சிப்பாடிப் பையன் ஒருத்தன், பைக் திருட்டு கேஸ், பதினஞ்சு வயசு, சாம்பார் வாளியைத் தட்டிவிட்டுட்டான். "கண்ணு பொடனியிலயாடா இருக்கு"ன்னு திட்டுனேன். அதோட மறந்துட்டேன். திங்கக்கிழமை அவனுக்கு விசாரணை. ஜாமீன் கிடைச்சிடும், வீட்டுக்குப் போயிடுவான்.

நியூஸ்ல நாளைக்கு எந்தெந்த மாவட்டத்துக்கு ஸ்கூல் லீவுன்னு சொல்லிட்டிருந்தாங்க. என் பொண்ணு அஞ்சாவது படிக்கிறா. தகர ஷீட்டுல மழை அடிக்கிற அடியில ஒண்ணும் கேக்கல. ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் கூட்டுனேன்.

கடலூருக்கு லீவு. வீட்டுக்கு போன் பண்ணிச் சிரிச்சுப் பேசிட்டுத் திரும்புனா ஹால்ல பாதிப் பேரைக் காணோம்.

பாத்ரூமுக்கு ஓடுனேன். ரெண்டு பேர் குறிஞ்சிப்பாடிப் பையனோட கையைப் பிடிச்சிருந்தானுங்க. ஒருத்தன் முழங்காலால நெஞ்சை அழுத்திக்கிட்டு, இன்னொருத்தன் துண்டைச் சுழட்டிச் சுழட்டி ஒரே காதுல அடிச்சிட்டிருந்தான். தரையெல்லாம் ரத்தம். நான் கத்துன கத்துல நிறுத்துனானுங்க. "நீங்கதானே சார் சத்தம் வெச்சீங்க"ன்னான் ஒருத்தன். நெசமாவே புரியாமத்தான் கேட்டான். பையனைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தேன்.

சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு வண்டியில போறப்ப சீனியர் என் முதுகுல தட்டுனாரு. "வழுக்கி விழுந்துட்டான், அவ்ளோதான். நீ நம்ம ஆளு மச்சான், நாங்க பார்த்துக்குறோம்." அந்தக் கையை ஒடிக்கணும்போல இருந்துச்சு.

உள்ள டாக்டரம்மா என்ன ஆச்சுன்னு பையனைக் கேட்டாங்க. சீனியர் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாரு. பையன் அவரைப் பார்த்துட்டு, "வழுக்கிட்டேன்"ன்னான்.

"இல்ல மேடம். அடிச்சாங்க. அடிக்க வெச்சது நான்"ன்னேன். சொல்லிட்டேன்னு நெஞ்சு லேசாச்சு. ஒரு நிமிஷம்கூட நிக்கல அது.

பையன் என் சட்டையை இறுக்கிப் பிடிச்சான். "சொல்லாதீங்க சார். உங்களை வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க, நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. நான் திங்கக்கிழமை வரைக்கும் அங்கதான் படுக்கணும்."

நான் டாக்டரம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். "திங்கக்கிழமை வரைக்கும் இவனை இங்கயே வெச்சுக்குங்க மேடம். எங்ககிட்ட அனுப்பாதீங்க."