ஆற்றங்கரைக் கல்லும் எங்கள் ஐயாவும்

எங்கள் ஐயா யாழ்ப்பாணத்துப் புத்தூரில் பிறந்து, அங்கேயே வெங்காயமும் புகையிலையும் செய்து, மூன்று பசுக்களையும் நான்கு பிள்ளைகளையும் வளர்த்தார். பசுக்களை ஒருநாளும் ஏசியதில்லை. போரில் இடம்பெயர்ந்தபோது வீட்டைப் பூட்டுகையில் அழாதவர், மாடுகளை அவிழ்த்துவிட்டபோது அழுதார்.

அம்மா காலமான பின், வேல்ஸில் நான் வாழும் சிற்றூருக்கு ஆறு மாதம் வந்திருந்தார். ஒரு கல்பாலம், பழைய தேவாலயம், கொஞ்ச வீடுகள், நடுவே ஆறு. கிணற்று நீரை வாய்க்காலில் பார்த்துப் பார்த்து இறைத்தவருக்கு அந்த ஆற்றைக் கண்டு பொறுக்கவில்லை. இவ்வளவு தண்ணீரையும் கடலுக்கு விடுகிறார்களே என்று தினமும் என்னைத்தான் ஏசினார்.

ஆற்றங்கரைப் புல்வெளியில் ஒரு நெடுங்கல் நிற்கிறது. ஐயா அதை வைரவர் என்று தானே முடிவுசெய்து, காலையில் குளித்துவிட்டுப் போய் திருநீறு பூசி, பூவும் வைத்து வந்தார். எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு க்வென் அம்மையார் ஊர் மரபுக் கழகத் தலைவி. கல்லில் மூன்று வெள்ளைக் கோடுகளைக் கண்ட அவர், ஆதிகால வழிபாட்டை யாரோ இரகசியமாகத் தொடர்கிறார்கள் என்று ஊரையே கூட்டிவிட்டார். அங்கே வைக்கும் பலகைக்கு வாசகமும் எழுதியாயிற்று.

கூட்டத்துக்குப் புறப்படும்போது ஐயாவின் சால்வையில் திருநீற்றுப் பையைக் கண்டேன். விசயம் விளங்கிவிட்டது. அந்த ஊரில் எடுத்த நல்ல பெயர் போய்விடும் என்று பயந்து, வாய் திறக்க வேண்டாமென்று கெஞ்சினேன். தலையாட்டி, ஓம் என்றார்.

கல்லடியில் கூடிய ஊரவர்முன் க்வென் அம்மையார் பேசிக்கொண்டிருக்க, ஒரு பசு ஆறுதலாக வந்து அந்தக் கல்லில் கழுத்தைத் தேய்த்து உரோஞ்சியது. ஐயாவின் முகம் மாறியது.

"பிள்ளை, நான் பிழை விட்டிட்டன். இது ஆவுரோஞ்சிக்கல்."

மாடுகள் தினவு தீர உரோஞ்சுவதற்கு எங்கள் ஊர்க் கேணியடிகளில் நட்டிருப்பார்களே, அதே கல்.

"கோடு போட்டதும் நான்தான். உள்ளதைச் சொல்லு. அந்த மனிசி என்னாலை பலகையிலை பொய் எழுதப்படாது."

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். க்வென் அம்மையார் பசுவைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார், பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவருடைய தாத்தாவும் அப்படித்தான் சொன்னாராம், இவர்தான் நம்பவில்லையாம். மாடுகள் உரோஞ்சும் கல் இது, யாழ்ப்பாணத்துக் கமக்காரர் ஒருவர் இனங்கண்டார் என்று இன்று பலகையில் இருக்கிறது. அதன்பிறகும் ஐயா திருநீறு பூசுவதை நிறுத்தவில்லை. மாடு சுகப்படுகிற இடத்தில் கடவுள் இல்லாமல் போவாரோ என்று என்னைத்தான் கேட்டார்.

ஊர் திரும்பி, கடைசி நாட்களில் புத்தூர் வீட்டில் படுத்திருந்தபடி, தன் நினைவாக வீட்டுக்கு வரும் ஒழுங்கை முகப்பில் ஓர் ஆவுரோஞ்சிக்கல் போதும் என்றார். ஐயா இல்லாத வீட்டுக்குள் நேரே நுழைய எனக்கு இன்னும் மனம் வரவில்லை; இப்போது அங்கே நிற்கும் அந்தக் கல்லடியில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

கடைசிவரை பராமரித்த தங்கைக்கும், கிரியைகள் செய்த குருக்களுக்கும், கல்லை நட்டுத்தந்த சித்தப்பாவுக்கும், கடிதம் எழுதிய க்வென் அம்மையாருக்கும் எங்கள் நன்றி. உறவினர்களிடம் ஒரேயொரு வேண்டுகோள். கல்லில் ஏற்கெனவே யாரோ மூன்று கோடு போட்டுவிட்டார்கள். கும்பிடுகிறவர்கள் சுருக்காகக் கும்பிட்டுவிட்டு விலகவும். பின்னால் மாடுகள் காத்து நிற்கின்றன.