குட்டிக்கு உள்ள பால்

குற்றாலம் போகும் வழியில், மேலகரத்தில் புதிதாக வந்திருக்கும் கடையில் மகள் ஒரு பர்ரிட்டோ வாங்கினாள். பெரிய சப்பாத்திக்குள் சோறும் பயறும் வைத்துச் சுருட்டிய மெக்சிகோ சாப்பாடு அது. போனைப் பார்த்துச் சொன்னாள்: "யம்மா, பர்ரிட்டோன்னா அவுக பாஷையில கழுதைக்குட்டியாம். கழுதை முதுகுல சுருட்டிக் கட்டுத படுக்கை மாதிரி இருக்கதால அந்தப் பேரு வந்திருக்கும்னு சொல்லுதாவ."

சிரித்துக்கொண்டே என்னிடம் நீட்டினாள். எனக்குக் கை போகவில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது, தென்காசியில் எங்கள் தெருவுக்குக் காலையில் கழுதைப்பால் விற்கும் அண்ணாச்சி வருவார். பிறந்து சில வாரமே ஆன என் தம்பிக்கு நெஞ்சு நிறையச் சளி. கழுதைப்பாலுக்குக் கேட்கும் என்றார்கள். அண்ணாச்சி குட்டியைக் கரண்டுக் கம்பத்தில் கட்டிவிட்டுத் தாய்க்கழுதையைக் கறப்பார். குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டே நிற்கும். சூடு ஆறுவதற்குள் அம்மா பாலாடையில் வாங்கித் தம்பிக்குப் புகட்டுவாள். கடைவாயில் வழிவதை முந்தானையால் ஒற்றுவாள்.

தம்பி பிழைக்கவில்லை.

விஷயம் தெரியாமல் மறுநாளும் அண்ணாச்சி வந்து குட்டியைக் கட்டினார். அம்மா எழுந்து வாசலுக்குப் போனாள். பால் கட்டி, அவள் ரவிக்கை நனைந்திருந்தது.

"இனி வேண்டாம் அண்ணாச்சி. அந்தக் குட்டிய அவுத்து விடுங்க. அதுவாவது குடிக்கட்டும்."

குட்டி ஓடிப்போய் முட்டி முட்டிக் குடித்தது. அது குடித்து முடிக்கும்வரை அம்மா உள்ளே வரவில்லை.

"ஆறிப்போவுதும்மா," என்று மகள் மறுபடியும் நீட்டினாள்.