மெதுவாக ஆகட்டும் என்று நான் கேட்ட விவாகரத்து

சிங்கப்பூரில் எல்லாம் சட்டென்று நடந்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். அவர்கள் இங்கே விவாகரத்துக்கு விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும். நானும் என் கணவரும் பிரிவதென்று முடிவெடுக்க ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியிலேயே பேசி முடித்துவிட்டோம். சண்டையெல்லாம் இல்லை. சண்டை போடக்கூட எங்களிடம் விஷயம் மிச்சமில்லை, அவ்வளவுதான். மீன் அன்றைக்கே குழம்பாகிவிட்டது. விவாகரத்துதான் ஆகிற வழியாக இல்லை.

வழக்கறிஞர் சின்னப் பெண். முதலில் இடைக்காலத் தீர்ப்பு வரும், அதற்குப் பிறகு மூன்று மாதம் காத்திருந்தால்தான் இறுதித் தீர்ப்பு என்றாள். மூன்று மாதம் என்ன செய்வது என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்ய வேணாம் மேடம். சும்மா இருக்கலாம் லா."

அந்த இடைக்காலத் தீர்ப்பு வரும்வரைகூடச் சும்மாதான் இருந்தோம், குவீன்ஸ்டவுனில் ஒரே வீட்டில். அவர் ஹாலில், நான் அறையில். ஃபிரிட்ஜில் மேல்தட்டு எனக்கு, கீழ்த்தட்டு அவருக்கு, தயிர் மட்டும் பொது. தினமும் காலையில் "லாயர் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று நான் கேட்பேன். "எனக்கு என்ன தெரியும், உனக்குத்தானே ஃபோன் வரும்" என்பார் அவர். இத்தனை வருடக் கல்யாணத்தில் முதல்முறையாக எங்களுக்கு நாள் தவறாமல் பேச ஒரு விஷயம் கிடைத்திருந்தது. சொந்தக்காரர்களிடம் மட்டும் மூச்சு விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தோம்.

இடைக்காலத் தீர்ப்பு வந்த வாரமே என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தேதியைக் கேட்டதும் காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். மூன்று மாதக் கெடு முடிந்து நாங்கள் சட்டப்படி பிரிந்துவிடக்கூடிய சமயம். மார்சிலிங்கிலிருந்து அத்தை ஃபோன் செய்தார்.

"நாத்தனார் முடிச்சு நீதான்டி போடணும். கட்டுக்கழுத்தியா ஒரு அக்கா இருக்கா, வேற ஆள் தேட வேணாம் பாரு."

மாப்பிள்ளை தாலி கட்டியதும் மூன்றாவது முடிச்சை அவருடைய அக்காவோ தங்கையோ போடுவது எங்கள் வழக்கம். புருஷனோடு வாழ்கிறவள்தான் போட வேண்டும் என்பது அத்தையின் சட்டம். அத்தையின் நீதிமன்றத்தில் இடைக்காலம், இறுதி என்றெல்லாம் கிடையாது, ஒரே தீர்ப்புதான். விஷயம் தெரிந்தால் பெரியப்பா மகளைக் கூப்பிட்டுவிடுவார். அவள் வளர்த்திருக்கும் நகத்துக்கு பிஸ்கட் பாக்கெட்டையே பல்லால்தான் பிரிப்பாள். அம்மா இறந்த பிறகு தம்பியை வளர்த்தது நான். அந்த முடிச்சை இன்னொருத்தி போடுவதை நினைத்தாலே எனக்கு ஆத்திரமாக வந்தது.

வழக்கறிஞருக்கு ஃபோன் செய்து, இறுதித் தீர்ப்பு கொஞ்சம் தாமதமாகுமா என்று கேட்டேன். சீக்கிரம் சீக்கிரம் என்று அவள் உயிரை எடுத்ததும் நான்தான்.

"நாம கேட்டாத்தான் மேடம் கொடுப்பாங்க. நாம கேக்காம இருந்தா அது பாட்டுக்கு இருக்கும். ஏன், மனசு மாறிட்டீங்களா?"

"இல்லம்மா, ஒரு முடிச்சு போடணும்."

கணவரிடம் சொன்னபோது சாப்பாட்டுத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். "உலகத்துலயே விவாகரத்துக்கு நல்ல நேரம் பார்த்தவ நீயாத்தான் இருப்ப" என்றார். ஆனாலும் ஒத்துக்கொண்டார். புதுச் சட்டைகூட வாங்கினார்.

கல்யாணத்தன்று சிராங்கூன் ரோட்டு மண்டப வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் அவர் பன்னீர் தெளித்தார். இப்படி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று அத்தை என் காதுபடவே நாலு பேரிடம் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு பொய்யை வைத்துக்கொண்டு கல்யாணப் பெண்ணின் கழுத்தருகே எப்படிக் கையைக் கொண்டுபோவது? உள்ளறையில் தம்பியின் வேட்டிக்கு பெல்ட் மாட்டிவிடும்போது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"முடிச்சு போடப்போறது நீதானேக்கா? மாமா இல்லையே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதோடு கோபமும் வந்தது. "இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன்டா கெடந்து அல்லாடுறேன்?"

"நீ முன்னாடி என்கிட்ட எங்க சொன்ன?"

வெளியே அத்தை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மணவறைக்குப் போனேன். யாருடைய மனைவியாகவும் இல்லாமல், அவனுடைய அக்காவாகப் போய், இரண்டு கையாலும் இழுத்து முடிச்சைப் போட்டேன். அத்தையிடம் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வெறும் வயிற்றில் அவருக்கு ஆகாது.