பெட்டிசத்தில் நான் சேர்த்த வரி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதற்காக எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அது என்னவென்று எனக்குத் தெரியும், இங்கே சொல்ல மாட்டேன். கோபக்காரி என்று பேர் எடுத்ததில் எனக்கு வெட்கம் இருந்ததில்லை. நியாயத்துக்குத்தானே கோபப்படுகிறேன் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையில் மண் விழுந்தது போன வருடம்தான்.

பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்னால் ஒரு படம் எல்லோருடைய போனிலும் சுற்றியது. ஜெயில் சுவரோரம் ஒரு நாற்காலி. அதில் நரைத்த தாடியோடு ஒரு கிழவன், முழங்கால்வரை போர்வை. வயதான, நோயில் விழுந்த ஆயுள் கைதிகள் சிலரைப் பண்டிகைக்கு விடுதலை செய்வது பற்றி யோசிக்கிறார்கள் என்று கீழே சிங்களத்தில் போட்டிருந்தது. ஒவ்வொருவனும் எந்த ஊர், என்ன செய்தான் என்று ஒரு பட்டியலும் இருந்தது. முகத்தைப் பார்த்து எனக்கு ஆளைத் தெரியவில்லை. எங்கள் தோட்டத்தின் பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அவன் அந்தக் காலத்தில் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் அந்த வேலைக்கு வளைந்த கத்தி ஒன்று உண்டு, சவரக் கத்தி மாதிரித் தீட்டி வைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்து லயத்து வீட்டு வரிசையில் இருந்த பெண்ணைக் கட்டித் தரும்படி கேட்டான். அவனுக்கு முப்பத்தைந்து வயது, அவளுக்குப் பதினாறு. அவளுடைய அம்மா பெரட்டுக் களத்தில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க வந்த அத்தனை பேருக்கும் முன்னால் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுவிட்டார். மறுநாள் அவள் அப்பா மலைக்கு வேலைக்குப் போயிருந்த நேரம் அவன் அந்தக் கத்தியோடு வீட்டுக்குள் போனான். அவன் வெளியே வந்தபோது அம்மாவும் உயிரோடு இல்லை, மகளும் இல்லை.

அந்த மகள் என் பெஞ்சுக்காரி. கணக்குப் பாடத்தில் என்னைப் பார்த்து எழுதுவாள், மற்றப் பாடத்தில் நான் அவளைப் பார்த்து எழுதுவேன். இடைவேளையில் என் ரொட்டியைப் பிடுங்கித் தின்றுவிட்டு, உங்கம்மாவுக்கு ரொட்டி சுடவே தெரியவில்லை என்று குறையும் சொல்வாள். அவள் போன பிறகு அந்த வருடம் முடியும்வரை அவள் இடத்தில் சார் யாரையும் உட்கார வைக்கவில்லை. நானும் தள்ளி உட்காரவில்லை.

கோர்ட்டில் தூக்கு என்றார்கள். இந்த நாட்டில் தூக்கு என்று தீர்ப்பு எழுதுவார்கள், போட மாட்டார்கள். அது அப்படியே ஆயுள் தண்டனையாக ஓடும். இருபத்தாறு வருடம் ஓடியது.

படம் வந்த மறுநாள் பெரட்டுக் களத்தில் அதுதான் பேச்சு. "நாம காச்சல்ல கெடந்தா மருந்துக்கு டவுனுக்கு ஓடணும். அவனுக்கு உள்ளயே டாக்டரு, போர்வ எல்லாம்" என்றார் ஒருவர். "இத்தன வருசம் சோறு போட்டதே தப்பு" என்றார் இன்னொருவர். அந்தப் பெண்ணின் அப்பாவும் அங்கே நின்றார். அவர் இன்னும் அதே லயத்தில், அதே வீட்டில்தான் இருக்கிறார். கொழுந்துச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்து போய்விட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. அன்றைக்கு நான் போனில் எழுதியதை இப்போது எடுத்துப் படித்தால் கை கூசுகிறது. ஒரு டீச்சர் எழுதக்கூடிய சொற்கள் இல்லை.

அவனுக்கு உறவென்று தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு அக்கா. எழுபது வயதாகிறது. தோட்டத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்குமே அவர் அக்காதான். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் பல வருடம் ஆயாவாக இருந்தவர். அந்தக் கொலைக்குப் பிறகு ஒருத்தியும் அவரிடம் பிள்ளையைக் கொடுக்கவில்லை. அவரைக் கொழுந்தெடுக்க அனுப்பிவிட்டார்கள். யாரும் அவரை நேரடியாக ஏசியதில்லை, ஆனால் மலை ஊற்றுக் கொட்டுகிற பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது அவர் குடத்துக்கு முன்னும் பின்னும் ஒரு ஆள் இடைவெளி இருக்கும். தம்பியைப் பார்க்க ஒரே ஒரு தடவை போய் வந்தார் என்றும், பேசாமல் திரும்பிவிட்டார் என்றும் சொல்வார்கள்.

கிராம சேவகர் அவர் வீட்டுக்கு வந்து, விடுதலையானால் ஏற்றுக்கொள்ள ஆள் உண்டா என்று விசாரித்துவிட்டுப் போனார். எழுத்தில் பதில் வேண்டுமாம். மறுநாளே அக்கா பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார். சிங்களத்தில் எழுத வேண்டியதெல்லாம் இங்கே என்னிடம்தான் வரும்.

"டீச்சர், அவனப் பத்தி ஒரு கடுதாசி எழுதணுங்க."

"யாரப் பத்தி?" என்றேன், தெரிந்துகொண்டே.

"தம்பியப் பத்தித்தாங்க. கிராம சேவகர் கேட்டுட்டுப் போயிருக்காரு. நா என்னா சொல்ல வாரேன்னா..."

"பாப்போங்க்கா. இப்ப கிளாசு இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். கிளாசும் இல்லை, ஒன்றும் இல்லை. தம்பியைக் கூட்டிக்கொண்டுவந்து வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறார், அதை என் கையாலேயே எழுத வைக்கப் பார்க்கிறார் என்று எனக்கு ஆத்திரம். செத்துப் போனவள் என் பெஞ்சுக்காரி என்பதுகூடவா இவருக்கு மறந்துவிட்டது என்று அன்று முழுவதும் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே கோயில் கமிட்டியில் இருந்து வந்து அரசாங்கத்துக்கு மனு, எங்கள் பேச்சில் பெட்டிசம், எழுதச் சொன்னார்கள். அவனை விடக் கூடாது, விட்டாலும் இந்தத் தோட்டத்துக்குள் விடக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் சொன்னது. நான் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். ரோட்டுக்கு, தண்ணீருக்கு, பள்ளிக்கூடக் கூரைக்கு என்று எத்தனையோ பெட்டிசம் எழுதியிருக்கிறேன். இவ்வளவு மனசு வைத்து ஒன்றும் எழுதியதில்லை. எழுத எழுத எனக்கே என் சிங்களம் பிடித்துப் போயிற்று. கடைசியில் நல்ல முத்தாய்ப்பாக ஏதாவது வேண்டும் என்று தோன்றியது. "இவருடைய இரத்த உறவினர் உட்பட இத்தோட்டத்தில் நாங்கள் எவரும் இவரை உயிருடனோ பிணமாகவோ ஏற்கமாட்டோம்" என்று சேர்த்தேன். அந்த வரியை யாரும் கேட்கவில்லை. அது முழுக்க முழுக்க என்னுடையது.

எங்கள் தோட்டத்தில் பெட்டிசம் என்றால் லயம் லயமாகப் போகும், வீட்டுக்கு ஒரு கையெழுத்து. என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தாறு பேர் இருக்கலாம், அவர்களும் டீச்சர் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று வாசிக்காமலே போட்டுக் கொடுப்பார்கள். எவ்வளவோ காலமாக அப்படித்தான். கையெழுத்து இல்லாத வீடு மட்டும் எல்லோர் கண்ணிலும் படும். இந்தத் தடவை நானே கொண்டு போனேன். முதல் கையெழுத்து அந்தப் பெண்ணின் அப்பாவுடையது. பேனாவை இறுக்கிப் பிடித்து, தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார்.

அக்காவின் வீட்டைத் தாண்டிப் போயிருக்கலாம். அவர் கையெழுத்து இல்லாமலே பெட்டிசத்துக்குப் பலம் இருந்தது. ஆனால் சொந்த அக்காவே வேண்டாம் என்கிறாள் என்று காட்ட எனக்கு ஆசை. வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். என் கையில் தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எழுதிட்டீங்களா டீச்சர்? அவனப் பத்தித்தானுங்களே?"

"ஆமாங்க்கா, அவரப் பத்தித்தான்" என்றேன்.

பொய் இல்லை. பொய் இல்லை என்பதைத்தான் அன்று ராத்திரி முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் பெருவிரலை மையில் அழுத்தி, நான் காட்டிய இடத்தில் வைத்தார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். மற்றவர்களின் கையெழுத்துகள் மேலே இருந்ததை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. தோட்டமே தனக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று நினைத்திருப்பாரோ என்று பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். யோசிக்கவே முடியவில்லை.

ரோட்டுக்குப் போட்ட பெட்டிசத்துக்கு நாலு வருடமாகப் பதில் இல்லை. இதற்கு மட்டும் ஒரு மாதத்துக்குள் பதில் வந்தது. வெசாக்குக்கு விடுதலையானவர்களில் அவன் பெயர் இல்லை. கோயிலில் பொங்கல் வைத்தார்கள். எனக்குச் சால்வை போடப் பார்த்தார்கள், நல்ல வேளையாக வேண்டாம் என்றுவிட்டேன். அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வழியில் பார்த்தால் எப்போதும் போலச் சிரித்தார். நான்தான் வேறு பாதையில் போகப் பழகினேன்.

ஐப்பசி மழை தொடங்கிய சமயம் ஒரு காலை அவர் மறுபடியும் பள்ளிக்கூட வாசலில் நின்றார். கிராம சேவகர் கொடுத்துவிட்ட கடிதம் கையில் இருந்தது. வாங்கி வாசித்தேன். அவன் ஜெயில் ஆஸ்பத்திரியில் இறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. உடலை ஏற்க உறவினர் எழுத்துமூலம் மறுத்திருப்பதால் அரசு செலவிலேயே அடக்கம் செய்யப்பட்டது என்று இருந்தது. என் வரி, கொஞ்சம் ஆபீஸ் நடையில் என்னிடமே திரும்பி வந்திருந்தது.

"தவறிட்டாருங்க்கா" என்றேன். "அவங்களே அடக்கம் பண்ணிட்டாங்களாம்."

"எனக்கு ஏங்க சொல்லி அனுப்பல?"

"தெரியலிங்களே" என்றேன். அது பொய்.

எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் பிணம் போகும்வரை யாரும் மலைக்குப் போவதில்லை. எப்பேர்ப்பட்ட சண்டைக்காரனாக இருந்தாலும் நாலு லயத்து ஆம்பிளைகளும் மாறி மாறித் தோள் கொடுத்துத் தூக்கிப் போய், தேயிலைக்கு நடுவே இருக்கிற எங்கள் இடுகாட்டில் வைத்துவிட்டு வருவார்கள். தப்பு மேளச் சத்தம் கேட்டால் பக்கத்துத் தோட்டத்துக்கே தெரியும். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. மலை நிறைய ஆட்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பகல் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, கொட்டுகிற மழையில் அக்கா தனியாகப் பீலிக்கு அடியில் உட்கார்ந்து தலை முழுகிக்கொண்டிருந்தார். சாவு வீட்டுக் குளியல். துண்டு எடுத்துக் கொடுக்கவும் பக்கத்தில் ஆள் இல்லை. நான் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிசம் எதற்கு எழுதியது, அவர் ரேகை எதற்கு வைத்தது, கடைசி வரியை யார் சேர்த்தது, கடிதத்தில் நான் வாசித்துக் காட்டாமல் விட்டது எது என்று ஒன்று விடாமல் சொன்னேன். என் சிநேகிதிக்காகத்தான் செய்தேன் என்றும் சொன்னேன். அழக்கூடாது என்று போனேன், அழுதுவிட்டேன்.

அவர் அடுப்பில் இருந்த கேத்தலை இறக்கி வைத்தார்.

"அன்னிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேனே டீச்சர். என்னா எழுதச் சொல்ல வந்தேன்னு கேட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"உசுரோட வேணாம்னுதாங்க எழுதச் சொல்ல வந்தேன். புள்ளயையும் பொண்டாட்டியையும் பறிகொடுத்த மனுசன் அந்தா அந்த வீட்டுல இருக்காரு. அவரு கண்ணு முன்னால இவன எப்பிடிங்க நடமாட விடுறது? அவன் அங்கயே கெடக்கட்டும். செத்தா மட்டும் ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க, நா வந்து தூக்கிக்கிறேன்னு எழுதச் சொல்லத்தான் வந்தேன். அம்புட்டுத்தாங்க."

எனக்கு ஒரு பிளேன்டீ ஊற்றி வைத்தார். ஏசுவார், கத்துவார், வெளியே போ என்பார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன். ஏசியிருந்தால் எனக்குப் பதில் பேசத் தெரிந்திருக்கும்.