மூன்றாவதாக ஓடியவள்

போன வாரம் நான் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு போன். விளையாட்டில் பெயர் வாங்கியவர்களின் படங்களை ஒரு சுவர் முழுக்க மாட்டப்போகிறார்களாம். முப்பது வருஷத்துக்கு முன் ரிலே ஓட்டத்தில் தங்கம் வாங்கிய நான்கு பெண்களில் நானும் ஒருத்தி. போட்டோ வேண்டும் என்றார்கள்.

யாருக்குக் கசக்கும்? ஆனால் அன்று மதியத் தூக்கத்தில் பழைய கனவு வந்துவிட்டது. மைதானம், வெயில், கையில் பேட்டன்... காற்றில் மிதக்கிறேன். விழித்தால், வழக்கம்போல, கால் வலிக்கவே இல்லை. எப்படி வலிக்கும்? அன்றைக்கு நான் ஓடவே இல்லையே.

இதை நான் எங்குமே எழுதியதில்லை. மூன்றாவதாக ஓடவேண்டிய எனக்குக் காலையிலிருந்து கடும் காய்ச்சல். மாற்று ஆள் அஞ்சலை, எனக்கு ஒரு வருஷம் ஜூனியர். எத்தனையோ சாம்பியன்களை உருவாக்கிய எங்கள் கோச் சார், போட்டிக்குக் கொடுத்த பாரத்தில் அவள் பெயரை எழுத மறந்திருந்தார்! என் நம்பரை அவள் பனியனில் குத்தி இறக்கிவிட்டார். ஓடியது அவள். சர்டிபிகேட் என் பெயரில். வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை கள்ளக்குறிச்சியில் டவுன் பஸ் ஏறிக் கச்சிராயபாளையம் போனேன். அஞ்சலை கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் கல்வராயன் மலை, பாதி மேகத்தில், பாதி வெயிலில்.

சுவர் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். மண்வெட்டியை வரப்பில் வைத்துவிட்டுச் சிரித்தாள்.

சாருக்கு ஒரு பழக்கம். கடைசி வளைவில் நின்று, ஓடுகிறவள் பெயரைச் சொல்லிக் கத்துவார். அந்தக் குரல் காதில் விழுந்தால் கால் தானாகப் பறக்கும்.

"செவுத்துல பேரு இல்லாட்டி போவுதுக்கா. அன்னிக்கி சாரு 'மாலதி, ஓடு'ன்னு கத்திக்கினே வந்தாரு. என் பேர ஒருதபாகூட கூப்புடல. அதான்..." என்றாள்.

சார் இப்போது சங்கராபுரத்தில் இருக்கிறார். அங்கேயே நின்று போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தேன். நடுங்கினாலும் அதே குரல்.

"அஞ்சல... ஓடு."

அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரப்பில் கொஞ்ச தூரம் போனாள். நடந்தாளா, ஓடினாளா? எனக்குக் கண்ணீர் மறைத்தது.

போட்டோ அனுப்பிவிட்டேன். மலை, கரும்பு, நடுவில் அஞ்சலை. மூன்றாவதாக ஓடியவர் இவர்தான், சர்டிபிகேட்டையும் மாற்றிக் கொடுங்கள் என்று கூடவே ஒரு கடிதம்.

நேற்று மதியம் மறுபடி அதே கனவு. நான் கேலரியில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தேன். விழித்தபோது... கை வலித்தது!