தோல் கொடுத்து வாங்கிய இயந்திரம்

ஸ்ரீரங்கம் டவுன் பஸ்ஸில் எவ்வளவு கூட்டமானாலும் எனக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். என் பக்கத்து இடமும் காலியாகவே வரும். செம்பட்டில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் எனக்கு வேலை. வேலை முடிந்து தேய்த்துத் தேய்த்துக் குளித்தாலும் ஆவாரம்பட்டையும் பச்சைத்தோலும் கலந்த அந்த வாடை போகாது. மனிதர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றே வருவார்கள், என் பக்கத்தில் மட்டும் உட்கார மாட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். யாரிடம் போய்க் காட்டுவது?

தரம் பிரிப்பது என் வேலை. பதனிட்ட ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கட்டைவிரலால் தடவி, முதல் தரமா இரண்டாம் தரமா என்று மூலையில் முத்திரை குத்துவேன். எங்கள் தோல் லண்டனுக்குப் போகும். அங்கே அந்த முத்திரையைச் சீந்த ஆளில்லை. அங்குள்ள தரகர்கள் மறுபடியும் பிரித்து, என் முதல் தரத்தை இரண்டாம் தரமாக்கிக் கடிதம் போடுவார்கள். அதைப் படிக்கிற போதெல்லாம் வயிறு எரியும்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் ஒருநாள், மதராஸிலிருந்து வந்த அரசாங்க அதிகாரி ஒரு வெள்ளைக்காரரை அழைத்து வந்தார். இவர் லண்டன்காரர் இல்லை. கிழக்கு ஐரோப்பாவில் ஏதோ ஒரு கம்யூனிஸ்ட் நாடு.

"இவங்களுக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டார் முதலாளி.

"ஊருக்கெல்லாம் கரண்ட் வேணும், அதுக்கு மிஷின் வேணும். டாலர், பவுண்டுக்கு எங்கே போறது? இவங்க நம்ம ரூபாயையே வாங்கிக்கிட்டு மிஷின் தர்றாங்க. அந்த ரூபாய்க்கு நம்மகிட்டயே தோல், தேயிலை, முந்திரின்னு வாங்கிட்டுப் போறாங்க. உங்க திருவெறும்பூர்ல பாய்லர் ஆலை வரப்போகுதே, அதுக்கு மிஷின் இவங்க ஊர்லேருந்துதான்" என்றார் அதிகாரி.

எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்று காலையில் நான் சாப்பிட்டது ரேஷன் கடை அமெரிக்கக் கோதுமையில் கிண்டிய உப்புமா. பத்து மணிக்குக் கம்யூனிஸ்டுகாரருக்குத் தோல் பிரித்துக் காட்டுகிறேன். இரண்டு பக்கமும் சேரமாட்டோம் என்று டெல்லியில் பேசுவதெல்லாம் பத்திரிகைச் சமாச்சாரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அடேயப்பா, அது என் வயிற்றிலும் கையிலும் அல்லவா நடந்துகொண்டிருக்கிறது! நமக்கு என்ன தேவை, அது யாரிடம் கிடைக்கும் என்று பார்த்துப் பார்த்துத்தான் கை குலுக்கியிருக்கிறார்கள். டெல்லிக்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான்.

வந்தவர் என் முதல் தர அடுக்கை ஒவ்வொன்றாகப் பார்த்து, கொஞ்சத்தைச் சரியென்று ஒதுக்கி வைத்தார். பிறகு ஒரு தோலை உருவினார். நடுவில் ஒரு கோடு ஓடியது. கத்தி பட்ட காயம் என்று இங்கிலீஷில் சொல்லி, இரண்டாம் தரத்தில் போடச் சொன்னார்.

"இல்லைங்க. அது வெறும் மடிப்பு" என்றேன்.

அதிகாரி முகம் கறுத்தது. முதலாளி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "ஒரு தோலுக்காகவா மல்லுக்கு நிப்பீங்க? ஆமான்னுட்டுப் போங்க. இந்தச் சரக்கு கைவிட்டுப் போச்சுன்னா நாளையிலேருந்து நீங்க வர வேணாம்."

வீட்டில் கைக்குழந்தை இருந்தது. ஆனாலும் ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லண்டன்காரன் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்து செய்ததை, இவர் என் எதிரிலேயே செய்தால் பார்த்துக்கொண்டு நிற்பதா? ஈரத்துணியை எடுத்து அந்தக் கோட்டின்மேல் ஒற்றினேன். மேஜையில் விரித்து உள்ளங்கையால் அழுத்தி நீவினேன். கோடு மங்கி, அப்புறம் இருந்த இடமே தெரியாமல் போனது. திருப்பி உள்பக்கத்தையும் காட்டினேன். ஒரு கீறல் இல்லை.

அதோடு விட்டேனா? என் குணம் விடவில்லை. அவர் முதல் தரம் என்று ஏற்கெனவே ஒதுக்கி வைத்த அடுக்கில் விரலை ஓட்டினேன். ஒரு தோலில் விரல் நின்றது. கழுத்துப் பக்கம் உண்ணி கடித்த பொடிப்பொடித் தழும்புகள். காலையில் எனக்கே தப்பியிருக்கிறது. "இது இரண்டாம் தரம். என் தப்பு" என்று சொல்லி, பழைய முத்திரையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மாற்றிப் போட்டேன். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

வந்தவர் என்னையும் தோலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் ஏதோ சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டார்.

"மீதியைப் பிரிச்சுப் பார்க்க வேணாங்கிறார். உங்க முத்திரையே போதுமாம்."

அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன்! குடோனுக்குப் பின்னால் போய் அழுதேன். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

சில வருஷங்கள் கழிந்தன. திருவெறும்பூர் ஆலை ஓட ஆரம்பித்திருந்தது. ஒரு சாயங்காலம் பஸ்ஸில் சட்டையில் ஆலை பேட்ஜ் குத்திய இளைஞர் ஒருவர் என் இருக்கை அருகே வந்து, கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தினார். அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, நீங்க ஓட்டுற மிஷின் எங்கேருந்து வந்துச்சு?"

அவர் அந்த நாட்டின் பெயரைச் சொன்னார்.

"அதுக்கு நாம என்ன கொடுத்தோம் தெரியுமா? நீங்க இப்ப மூக்கைப் பொத்தறீங்களே, அதைத்தான்."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. விவரம் முழுவதும் சொன்னேன், மடிப்பு விழுந்த தோல் உட்பட. கேட்டுக்கொண்டே அவர் கர்ச்சீப்பைப் பையில் வைத்தார். "கொஞ்சம் நகருங்கண்ணே" என்றார்.

அன்று காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை என் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து வந்தார்.