மெஷின் ரிப்பேர் என்று சொன்னேன்

போன மாதம் மாதவரம் வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வாங்கினோம். கடைக்காரர் இலவசம் என்று துணிக்கு ஊற்றும் வாசனைத் திரவம் ஒரு பாட்டில் நீட்டினார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவருக்குக் காரணம் புரியவில்லை. பக்கத்தில் நின்ற என் கணவருக்குப் புரிந்தது.

இதற்கு முன் திருவொற்றியூரில் இருந்தோம். மாடியில் இரண்டு போர்ஷன். ஒன்றில் நாங்கள். மற்றதில் ஓர் அக்கா, தனியாக. கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய கணவர் உடம்புக்கு முடியாமல் இறந்திருந்தார். மகளை நெட்டுக்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அக்கா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்துவந்து மார்க்கெட் வாசலில் விற்பார். என் கணவருக்கு இரும்புச் சாமான் கடை. நான் ராயபுரத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அக்கா தாளிக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். நாங்கள் சண்டை போட்டால் அவருக்குக் கேட்கும்.

ஒரு மழை நாளில் அக்கா ஏலம் போடும் இடத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எங்கள் மருத்துவமனையில்தான் மாவுக்கட்டு போட்டோம். கட்டு பிரிக்க ஆறு வாரம் ஆகும், அதுவரை நனையக் கூடாது என்றார் டாக்டர். ஆட்டோவில் வீட்டுக்கு அழைத்து வரும்போது நானாகத்தான் கேட்டேன்.

"துணியெல்லாம் எங்கிட்ட குடுத்துடுங்கக்கா. மெஷின் சும்மாதானே நிக்குது."

"வேணாம் நர்ஸம்மா. என் துணி மீன் கவுச்சி அடிக்கும். உன் வெள்ளத் துணிக்கு பேஜாராப் பூடும்."

"தனியாப் போட்டுக்கலாம்க்கா."

வாரம் இரண்டு முறை இடது கையில் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். துவைத்து முடித்ததும் நானே மொட்டைமாடியில் உலர்த்திவிடுவேன். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் மெஷின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே கவுச்சி இருப்பதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. இருந்ததா, என் மூக்கில்தான் இருந்ததா, இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் வாசனைத் திரவத்தைக் கூட்டினேன். ஒரு மூடி ஊற்றுகிற இடத்தில் மூன்று மூடி.

மூன்றாவது வாரம் என் வெள்ளைச் சீருடையின் தோளில் கட்டைவிரல் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. தேய்த்தால் எண்ணெய் மாதிரி பரவியது. அடுத்த முறை முதுகில் இரண்டு. "யூனிஃபார்ம்ல எதத் தொடச்ச?" என்று தலைமை நர்ஸ் எல்லார் முன்னாலும் கேட்டார். மொட்டைமாடியில் படியும் கரித்தூளாக இருக்கும் என்று துணியை வீட்டுக்குள் காயப்போட்டேன். கறை வந்தது. குழாய் வாயில் துணி கட்டி வடிகட்டினேன். வந்தது. கடைச் சட்டைகளில் இருக்கும் கிரீஸ்தான் என்று கணவரிடம் சண்டை போட்டு அவர் துணியைத் தனியாகப் பிரித்தேன். அப்போதும் வந்தது. மிச்சம் இருந்தது அக்காவின் துணி. உண்மையைச் சொன்னால், முதல் கறையைப் பார்த்தபோதே என் மனம் அங்கேதான் போயிருந்தது.

அந்தப் புதன்கிழமை அவர் பக்கெட்டோடு வந்தபோது வாசலிலேயே சொன்னேன்.

"மெஷின் ரிப்பேர்க்கா. மெக்கானிக் வரணும்."

"அப்டியா? சரி வுடு, அப்புறமாப் பாத்துக்கலாம்."

மறுநாள் வேலைக்குச் சீருடை வேண்டியிருந்ததால் அன்று சாயங்காலமே மெஷினைப் போட்டேன். அது வேகமாகச் சுற்றத் தொடங்கியதும் எப்போதும் போல் சுவரில் தட்தட்டென்று இடித்தது. அப்போதுதான் எனக்குச் சுவரின் நினைவே வந்தது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். அந்தப் பக்கம் யாரோ டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அக்கா வீட்டில் அக்காவைத் தவிர வேறு யாரும் இல்லை.

அதன்பிறகு அவர் மொட்டைமாடிக்குப் போய்த் தானே துவைத்தார். கட்டின்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, டப்பில் துணியைப் போட்டுக் காலால் மிதிப்பார். ஒரு முனையைக் குழாயில் மாட்டி, இடது கையால் முறுக்கிப் பிழிவார். படியில் நின்று ஒருமுறை பார்த்தேன். மேலே போக முடியவில்லை, இறங்கி வந்துவிட்டேன். எதிரில் பார்த்தால் மட்டும் எப்போதும் போல், "சாப்ட்டியா நர்ஸம்மா?" என்பார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

இரண்டு வாரம் போயிற்று. கறை குறையவில்லை, கூடியது. என் கணவர் பெரம்பூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் மெஷினைப் பிரித்து உள்டிரம்மை வெளியே எடுத்துத் திருப்பிக் காட்டினார். வெளிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறக் களிம்பு, தயிர் மாதிரி அப்பிக் கிடந்தது.

"மீன் துணி போட்டா இப்படி ஆகுமா?" என்று கேட்டேன்.

"மீனா? மோந்து பாருங்க மேடம்." விரலில் கொஞ்சம் எடுத்து நீட்டினார். மக்கிப்போன மல்லிகை வாசனை அடித்தது. "நீங்க ஊத்துற வாசனத் தண்ணிதான். உப்புத் தண்ணி, சோப்புத்தூள் எல்லாம் சேந்து கட்டிக்கினு கீது. அதான் பிஞ்சி வந்து துணில ஒட்டுது. இன்னா, மூடி மூடியா ஊத்துவீங்களா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் டிரம்மைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் முறத்தில் நெத்திலிக் கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே, "அன்னிக்கு மெஷின் ரிப்பேர்னு சொன்னேன்லக்கா, அது பொய்" என்றேன்.

"தெரியும். செவுரு ஆடிச்சே."

கறை வந்தது, அவர் துணிமேல் சந்தேகப்பட்டது, மெக்கானிக் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் கருவாட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்படிக் கறை வருதுக்கான்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே நிறுத்திக்கினு இருப்பேன். நீ சொல்லல பாரு, அதான் எனக்கு ஒரு மாரியா பூட்ச்சு."

இன்னும் இரண்டு கருவாட்டை ஆய்ந்து போட்டபின் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ மெஷின் நெசமாவே ரிப்பேராத்தான் இருந்துக்கீது. நீ இன்னா பொய் சொல்ட்ட? கண்ணத் தொடச்சிக்கோ."

ஆனால் பக்கெட் உடனே வரவில்லை. நான் இரண்டு முறை கேட்டும், "கட்டு பிரிக்கட்டும், பாக்கலாம்" என்றே சொன்னார். கட்டை நான்தான் வெட்டிப் பிரித்தேன். உள்ளே கை வெளுத்து, பாதியாக இளைத்திருந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு ஒரே ஒரு போர்வையோடு வாசலில் வந்து நின்றார்.

"இத்த மட்டும் போட்டுக் குடு. கையில புழிய வரல."

அதை மொட்டைமாடியில் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறினோம். அவர் பிடி நழுவி ஒரு முனை தரையில் விழுந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அந்த வீட்டைக் காலி செய்யும் வரை ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போயின. ஏழு மணிக்குத் துணியைக் கொடியில் போடுவோம். அவர் கீழே போய் இட்லியும் முந்தின நாள் சங்கரா மீன் குழம்பும் எடுத்து வருவார். காயும் போர்வைகளின் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். துறைமுகத்துப் பக்கம் கப்பல் ஊதும். தன் வீட்டுக்காரர் முதன்முதலில் பெண் பார்க்க வந்தபோது போட்டிருந்த சட்டையைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வெயிலுக்குத் துணி இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். நாங்கள் எழுந்திருக்க மத்தியானம் ஆகிவிடும்.